பெயரறியா அச்சமும் பொருளறியாப் பெயரும்

(பொருநைக் கரையில் தனித்தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



நோயுற்ற மாந்தன் மருந்தைக் கேட்கும் முன் நோயின் பெயரைக் கேட்கிறான். "இது என்ன நோய் ஐயா?" என்பதே மருத்துவமனையில் முதலில் எழும் வினா. அதற்கு விடையாகச் செவியில் விழும் சொல் விளங்குமாயின், அவன் மருத்துவர் சொல்வதை மேலும் கேட்பான். விளங்காதாயின் தலையை ஆட்டிவிட்டு வீடு திரும்புவான். உடல் நோய்களுக்காவது தமிழன் வாயில் பழம்பெயர்கள் உள்ளன. காய்ச்சல், இளைப்பு, மஞ்சட்காமாலை, பக்கவலி என்றால் சிற்றூர்க் கிழவிக்கும் தெரியும். உள்ளத்து நோய்களின் நிலை அவ்வாறில்லை. அவற்றுள்ளும் அளவிறந்த அச்சத்தால் வரும் நோய்களின் நிலை மிக இரங்கத்தக்கது.

பல் மருத்துவரின் நாற்காலியைக் கண்டவுடனேயே ஒருவர்க்கு வியர்த்துக் கொட்டுகிறது. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்து 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் நடுவில் வந்ததும் மற்றொருவர்க்குக் கால் மரத்துவிடுகிறது. இன்னொருவர் பூனை படுத்திருக்கும் வீட்டினுள் நுழையவே மறுக்கிறார். இவர்களுக்கு ஊரார் இடும் பெயர் 'பயந்தாங்கொள்ளி'. மருத்துவர் இடும் பெயர் 'போபியா'. முன்னது இழிவு செய்கிறது. பின்னது ஒன்றையும் சொல்லாமல் மறைக்கிறது. இழிவுக்கு அஞ்சியவர் வாய்திறப்பதில்லை. மறைப்பில் மயங்கியவரோ தமக்கு ஏதோ பெரும் பித்து ஏறிவிட்டதென எண்ணிக் கோடாங்கியிடம் கயிறு கட்டப் போகிறார். 1965இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் 1964இல் தோன்றிய சித்த மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில் அருகருகே இருக்க, பொருநை நாட்டு மக்கள் இந் நோய்க்கு மட்டும் மருத்துவம் தேடாமல் கிடப்பதற்குப் பெயரின்மையும் ஒரு கரணியம் அன்றோ?

முதலில் ஒன்றைத் தெளிய வேண்டும். அச்சம் நோயன்று. பாம்பைக் கண்டு விலகுபவனைப் பித்தன் என எவரும் சொல்லார். அஞ்ச வேண்டுவதற்கு அஞ்சுதல் அறிவுடைமை என்பதே தமிழர் கொள்கை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகப் பகுத்தார். அமெரிக்க உளமருத்துவர் கழகத்தின் இன்றைய பகுப்பு, குறித்த பொருளைப் பற்றிய அச்சநோயை விலங்கு, இயற்கைச் சூழல், குருதி-ஊசி-புண், சூழ்நிலை, பிற என ஐந்தாக வகுக்கிறது. இரண்டிலும் 'விலங்கு' என்ற தலைப்பு நிற்பதைக் காட்டி, 'எல்லாம் தொல்காப்பியத்திலேயே உண்டு' என மார்தட்டுவார் சிலர். அது வேண்டா. தொல்காப்பியர் பேசியது செய்யுளில் தோன்றும் மெய்ப்பாட்டை, நோயை அன்று. அவரிடம் தமிழர் பெறத்தக்கது வேறொன்று. அச்சத்தை அதன் களத்தைக் கொண்டு பகுத்தமையே அது. எதனைக் கண்டு அஞ்சுகிறான் என்பதே முதல் வினா. பெயரும் அதற்கே விடை சொல்லவேண்டும்.

மேலை நாட்டார் இவ் வினாவிற்கு நேர்மையாக விடை சொன்னார்களா எனின், பாதியளவே சொன்னார்கள். 'போபோசு' என்பது கிரேக்கத்தில் அச்சத்திற்குப் பெயர். போர்த்தெய்வத்தின் மகனுக்கும் அதுவே பெயர். அச் சொல்லின் முன்னே கிரேக்கமோ இலத்தீனோ அகப்பட்டதை ஒட்டிப் பெயர்களைப் பெருக்கினர். அமெரிக்க உளவியலறிஞர் இசுடான்லி ஆல் 1914இல் எழுதிய ஆய்விலேயே இத்தகைய பெயர்கள் நூற்றைத் தாண்டிவிட்டன. ஒட்டும்போது ஒழுங்கு பார்க்கவில்லை. பல் மருத்துவ அச்சத்திற்கு வழங்கும் 'டென்டோபோபியா' என்ற சொல்லில் தலை இலத்தீன், உடல் கிரேக்கம். தமிழில் இருமொழிக் கலப்பைக் கண்டால் 'அறிவியல் மொழி' எனப் போற்றுவோரும், இரு தமிழ்ச்சொல் சேர்ந்தால் 'செயற்கை' எனச் சிரிப்போரும் ஒருவரே என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

கலப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், பொருட்குழப்பத்தைப் பொறுக்க இயலாது. 'ஐட்ரோபோபியா' என்ற சொல்லைப் பாருங்கள். நேர்ப்பொருள் நீரச்சம். ஆனால் மருத்துவ நூலில் அது வெறிநாய்க்கடி நோய் முற்றியதன் அறிகுறி. அந் நோயாளிக்கு நீர் பருக முயலும்போது தொண்டைத் தசைகள் வலிப்புற்று இறுகுகின்றன. பின்னர் நீரைக் கண்டாலே அவ் வலிப்பு எழுகிறது. அது மூளையைப் பற்றிய கொடுநோய். அவ் வறிகுறி தோன்றியபின் பிழைப்பவர் மிக அரியர். பாசுச்சர் 1885இல் கண்ட தடுப்பு மருந்தைக் கடிபட்டவுடன் இடுவதே உயிர்காக்கும் வழி. குன்னூரில் 1907இல் ஆய்வுநிலையம் ஏற்பட்டதும் அதன்பொருட்டே. இனி, குற்றாலத்து அருவியிலும் பொருநை மடுவிலும் இறங்க நடுங்கும் ஒரு சிறுவனின் நிலையோ முற்றிலும் வேறு. 'ஐட்ரோபோபியா' வெறிநாய்க்கடிக்குப் போய்விட்டதால், இவனுக்காக 'அக்குவாபோபியா' என மற்றுமொரு கலப்புச்சொல் பிறந்தது. இவ்விரண்டையும் அகரமுதலி பார்த்து மொழிபெயர்ப்பவர் 'நீரச்சம்' என்றே இருமுறை எழுதுவார். ஒன்று சாவின் வாயில். மற்றொன்று நீச்சல் ஆசிரியர் பொறுமையோடு பழக்கினால் தீர்வது. ஒரே பெயரை இரண்டிற்கும் இடலாமா? முன்னதை 'நீர்விழுங்கா வலிப்பு' என்றே சொல்லலாம். அதில் அச்சம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

'போட்டோபோபியா'வும் இத்தகையதே. ஒளி பட்டால் கண் நோகும் நிலைக்கு அப் பெயர். அதில் அச்சம் எங்கே உளது? அதனை 'ஒளியச்சம்' என எழுதும் நூல்களும் உள்ளன. பொருநைக்கரை உழவரிடம் கேட்டால் 'கண் கூசுகிறது' என்பார். கண்கூச்சம் என்ற பெயர் ஊரார் வாயில் ஆயத்தமாக இருக்க, நூலார் கிரேக்கத்தின் நிழலைத் துரத்துகின்றனர்.

'கூச்சம்' என்ற சொல் பல்லுக்கும் வரும். குளிர்நீர் பட்டால் பல் கூசுவது பற்கூச்சம். இது பல்லின் நோய். பல் மருத்துவரை அணுக நடுங்குவது உள்ளத்தின் நோய். 'டென்டோபோபியா'வைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பல்லச்சம்' வரும். எவருடைய பல்? தன் பல்லா, நாயின் பல்லா, பேயின் பல்லா? நோயாளி பல்லுக்கு அஞ்சவில்லை. 'பல் மருத்துவர் அச்சம்' எனலாமோ எனின், பழி மருத்துவர் தலையில் விழுகிறது. அஃதும் முறையன்று. அவருடைய தொழில்நிலையில் நிகழ்வனவே அஞ்சப்படுகின்றன. ஆகலின் 'பல் மருத்துவ அச்சம்' என்பதே உண்மைக்கு அணித்து.

அதனோடும் நின்றுவிடலாகாது. அம்பாசமுத்திரத்துப் பக்கத்துத் தாய் ஒருத்தி தன் மகனைப் பற்றி இவ்வாறு சொல்லக்கூடும்: "பல்லு பிடுங்கக்கூட விட்டுருவான் ஐயா, ஊசியைக் கண்டாத்தான் அரளுதான்." படியாத அத் தாய் செய்த பகுப்பு, 'டென்டோபோபியா' என்று எழுதி முடிப்பவர் செய்யாதது. நாற்காலியில் அமர நடுங்குவோருள் ஒருவர்க்கு ஊசியே அச்சம். மற்றவர்க்குத் துளைகருவியின் ஓசை. மூன்றாமவர்க்கு வாயில் கருவி நிறைய மூச்சுத் திணறிவிடுமோ என்ற நடுக்கம். நான்காமவர்க்கு முன்பு பட்ட வலியின் நினைவு. ஓசைக்கு அஞ்சுபவர்க்குக் கருவியை முதலில் கையில் கொடுத்துக் காட்டி, பிறகு ஓடவிட்டுக் கேட்பித்து, அதன் பின்னரே வாயருகே கொண்டுசெல்வர். ஊசிக்கு அஞ்சுபவர்க்கு அவ் வழி மட்டும் போதாது.

இவ்விடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். பாம்பையோ உயரத்தையோ கண்டு நடுங்குபவர்க்கு நெஞ்சு விரைந்து துடிக்கும், குருதியழுத்தம் ஏறும். அவர் மயங்கி விழுதல் அரிது. குருதி, ஊசி, புண் என்பவற்றைக் கண்டு நடுங்குபவர்க்கோ துடிப்பு முதலில் ஏறிப் பின் சட்டென இறங்கும். அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழுவர். ஏனையோர்க்குத் தசைகளைத் தளர்த்தி ஆறுதல் கொள்ளப் பயிற்றுவர். இவர்களுக்குத் தசைகளை இறுக்கி அழுத்தத்தை ஏற்றப் பயிற்ற வேண்டும். சுவீடன் நாட்டு இலார்சு-கோரான் ஊசுட்டு 1980களில் இம் முறையை வகுத்து நிறுவினார். ஆகவே ஒரு சிறுவனைப் 'பல் மருத்துவ அச்சம்' என்ற பெயரில் அடைத்தால் அவனுக்குக் கிடைப்பது ஒருவகை மருத்துவம். 'ஊசி அச்சம்' என்ற பெயரில் நிறுத்தினால் கிடைப்பது அதற்கு நேர்மாறான பயிற்சி. பெயர் தவறினால் மருத்துவம் தவறும். சொல்லாய்வு புலவர் வீட்டுத் திண்ணைப் பொழுதுபோக்கு என எண்ணுவார் இதனை எண்ணிப் பார்க்கட்டும். பல் மருத்துவரை அணுகாதவரின் சொத்தைப் பல் மேலும் கெடுகிறது. கெட்டபின் செய்யும் மருத்துவம் கூடுதலாக வலிக்கிறது. அவ் வலி அச்சத்தை உரமூட்டி வளர்க்கிறது. இச் சுழலில் அகப்பட்டோர் எத்துணைப் பேர்!

இனி, பின்னொட்டாக எச் சொல்லைக் கொள்வது? 'பயம்' வேண்டா. அது வடசொல் என்பதற்காக மட்டும் அன்று. பழந்தமிழில் 'பயம்' என்றால் பயன். 'நீர்ப்பயம்' எனப் பழம்புலவன் செவியில் ஓதினால் நீரால் விளையும் நன்மை என்றே கொள்வான். அச்சத்திற்குத் தமிழில் சொற்பஞ்சமா? பேம், நாம், உரும் என்ற மூன்றையும் அச்சப்பொருளில் தொல்காப்பியர் உரியியலில் வைத்தார். உட்கு, வெரு, மருட்சி, மிரட்சி, அரட்சி, நடுக்கம், பீதி எனப் பட்டியல் நீளும். (இறுதியிலுள்ள 'பீதி' வடமொழி, பலர் அதனையும் தமிழென எண்ணுதலின் ஈண்டுச் சுட்டப்பட்டது.) இவற்றுள் 'அச்சம்' இயல்பான உணர்வுக்குரியது. அதனை நோய்க்கும் இட்டால் பாம்புக்கு விலகும் உழவனும் நோயாளி ஆவான்.

'வெருள்' என்ற வேரினின்று பிறந்த 'வெருளி' என்ற சொல்லை இந் நோய்க்குரிய பொதுச்சொல்லாக எடுத்துக்கொண்டு, இலக்குவனார் திருவள்ளுவன் நூற்றுக்கணக்கான பெயர்களை அமைத்துத் தந்துள்ளார். அகரமுதல இதழைப் படிப்போர் அறிவர். 'வெருளி என்றால் வயலில் நிறுத்தும் பொம்மையன்றோ?' எனத் தடை எழுப்புவார் உளர். உண்மையே, ஈழத் தமிழர் தோட்டத்துப் பொய்யாளை வெருளி என்றே வழங்குகின்றனர். அத் தடையே இச் சொல்லுக்குச் சான்று. வைக்கோலும் கிழிந்த சட்டையும் கவிழ்த்த சட்டியும்தான் அப் பொம்மை. அது எவரையும் அடிக்காது. ஆயினும் குருவி அதனை ஆளெனக் கண்டு பறந்தோடும். குருவியின் நடுக்கம் மட்டும் மெய். நடுங்கச் செய்தது வைக்கோல். பல் மருத்துவர் நாற்காலியில் அமர்ந்தவர் நிலையும் அதுவே. அவரது நடுக்கம் நடிப்பன்று என்பதையும், நடுங்கப்படும் பொருள் அத்துணைக் கொடிதன்று என்பதையும் ஒரே சொல் சுமந்து நிற்கிறது. 'போபியா' இவ் வேலையைச் செய்யுமா? சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்து வேர்ச்சொல்லாய்வுக்கே வாழ்வை ஈந்த பாவாணர் காட்டிய வழியும் இத்தகையதே. வேரைப் பிடித்தால் சொல் தானே கிளைக்கும். வெருள், வெருளி, வெருட்டு, வெருட்சி எனப் பெயரும் வினையும் ஒரு குடும்பமாக வருகின்றன.

ஆயினும் நல்ல பின்னொட்டு கிடைத்துவிட்டது என்பதற்காக முன்னே எதனையும் ஒட்டிவிடல் ஆகாது. தமிழ்த் தொகைச்சொல்லுக்குரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. 'புலி கொல் யானை' என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இலக்கணத்தார் இதனைத் தடுமாறு தொழிற்பெயர் என்றனர். 'நாய்வெருளி' நாயைக் கண்டு மாந்தன் வெருள்வதா, மாந்தனைக் கண்டு நாய் வெருள்வதா? முன்னிற்பது எப்போதும் அஞ்சப்படும் பொருளே என வரையறுத்துவிட்டால் இத் தடுமாற்றம் ஒழியும். புணர்ச்சியிலும் விழிப்பு வேண்டும். 'பல் மருத்துவம்' புணர்ந்தால் 'பன்மருத்துவம்' ஆகும். பல்வகை மருத்துவம் என்றும் அதற்குப் பொருள் வரும். நோயாளிக்குரிய பெயரில் புணர்ச்சியைக் காட்டிலும் தெளிவே தலையாயது. ஆதலின் 'பல் மருத்துவ வெருளி' எனப் பிரித்தே எழுதுக. பாலத்தில் கால் மரத்துப்போனவர்க்குப் 'பாலவெருளி' என்றால், பாலைக் கண்டு வெருள்கிறாரோ, பாலரைக் கண்டு வெருள்கிறாரோ எனக் கேட்பவர் திகைப்பர். 'பாலங்கடப்பு வெருளி' சற்று நீளந்தான், ஆயினும் ஐயமில்லை. புலவர் செவிக்கு இனிமையும் நோயாளி செவிக்குத் தெளிவும் முரண்படும்போது, நோயாளியின் பக்கமே நிற்கவேண்டும்.

மூலமொழியை விட்டு நோயாளியைப் பார்க்கவேண்டும் என்பதற்கு மற்றுமொரு சான்று. செருமானிய மருத்துவர் வெசுட்பால் 1871இல் 'அகோராபோபியா' என்ற சொல்லை ஆக்கினார். 'அகோரா' கிரேக்கரின் சந்தைவெளி. அதனைத் தமிழாக்கியோர் 'திறந்தவெளி அச்சம்' என்றனர். அந் நோயாளி திறந்தவெளிக்கு மட்டும் அஞ்சுவதில்லை. நெரிசலான பேருந்து, நெல்லையப்பர் கோயில் தேரோட்டக் கூட்டம், நீண்ட வரிசை, தனியே வெளியே போதல் ஆகிய யாவும் அவர்க்குக் கலக்கம். நெஞ்சடைத்தால் வெளியேற வழியின்றி, உதவியின்றி அகப்பட்டுக்கொள்வோமோ என்பதே அடிப்படை. 'அகப்படல் வெருளி' என்றால் அவரே 'ஆம், அதுதான்' என்பார். மேடையேற நடுங்குபவர்க்கோ புதுச்சொல் தேடவே வேண்டா. வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். அவையச்சம் என்பது இயல்பு, அளவிறந்தால் அவைவெருளி.

இத்தகைய பணி நெல்லைக்குப் புதிதன்று. 1930களில், தமிழில் அறிவியல் பயிற்ற இயலாது என அறிஞர் எனப்பட்டோரே உரைத்த காலத்தில், இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலானோர் நெல்லையிலிருந்து இயக்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல்லாக்கத்தைத் தோள்மேல் சுமந்தது. 1936இல் சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டியது. ஏறத்தாழ 10,000 சொற்களைக் கொண்ட 'கலைச்சொற்கள்' நூலை 1938இல் வெளியிட்டது. பின்னர் 1940இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த குழு வடசொற்பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். அவ் வரலாற்றில் வெற்றியைக் காட்டிலும் வேலைமுறையே கற்கத்தக்கது. துறையறிந்தோரும் தமிழறிந்தோரும் ஒரே பலகையில் அமர்ந்து சொல்லைத் தேர்ந்தனர். தமிழறிந்தார் மட்டும் அமர்ந்திருந்தால் அழகிய பெயர்கள் பிறந்திருக்கும். துறையறிந்தார் மட்டும் அமர்ந்திருந்தால் 'போபியா' போன்றவையே நிலைத்திருக்கும்.

அந்த வேலைமுறை இன்று தளர்ந்திருப்பதைத் தமிழன்பரிடத்திலும் காண நேர்கிறது. கிரேக்கப் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, உலகில் எவர்க்கும் வாராத வேடிக்கை அச்சங்களுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் சூட்டி மகிழ்வோர் உளர். மேலை மருத்துவரே அப் பட்டியலைப் பெரும்பாலும் கைவிட்டனர். அமெரிக்கக் கழகம் 1980இல் 'எளிய' வெருளி என்றும் 1994இல் 'குறித்த' வெருளி என்றும் பொதுப்பெயர் இட்டு, அதன்பின் அஞ்சப்படும் பொருளை இயல்பான சொல்லால் குறித்துக்கொள்ளும் வழியில் நிற்கிறது. தமிழின் இயல்பான அமைப்பும் அதுவே. 'தனிப்பொருள் வெருளி' என்ற ஒரு பொதுச்சொல்லும், நாய், பூனை, இடி, உயரம், ஊசி, பல் மருத்துவம் என நாள்தோறும் மருத்துவமனைக்கு வரும் சில பத்துச் சொற்களும் போதும். எஞ்சியவற்றை நோயாளியே தன் வாயால் சொல்வார். மருத்துவர் அதனை அப்படியே எழுதிக்கொண்டால் ஆயிற்று.

பொருநை நாட்டுக்கே உரிய ஒரு சொல் இன்னும் தெளியப்படாமல் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு திசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்பு நீரில் மூழ்கியது. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே சிக்கியிருந்தனர். அவ் வெள்ளத்தைக் கண்ட குழந்தை ஒன்று இன்றும் வானம் இருண்டால் தாயின் சேலையைப் பற்றிக்கொள்ளுமாயின், அதற்கு என்ன பெயர் இடுவது? மழைவெருளியா, வெள்ளவெருளியா, இருள்வெருளியா? இவற்றுள் ஒன்றை எடுத்து ஒட்டும் முன் குழந்தையிடம் கேட்கவேண்டும். அன்றிரவு கண்டவை கனவில் மீண்டும் மீண்டும் வருகின்றனவா, உறக்கம் கெடுகிறதா, அந் நாளைப் பற்றிய பேச்சையே தவிர்க்கிறதா? ஆம் எனில் அது வெருளியே அன்று. பட்ட பேரிடரின் வடு. அதற்குரிய மருத்துவமும் வேறு. 'பேரிடர் வடுநோய்' என்ற பெயர் பொருந்துமா, அதனினும் தெளிந்த சொல் பொருநைக்கரைத் தாய்மார் வாயில் உண்டா என்பதை, பாளையங்கோட்டை மருத்துவர்களும் இவ் வவையில் உள்ள தமிழாசிரியர்களும் ஒருங்கமர்ந்து, அடுத்த மழைக்காலத்திற்குமுன் முடிவு செய்தல் வேண்டும்.